எந்தக் கடை, டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்பட இருக்கிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தங்கச்சியின் கலியாணம் முடிந்து இரண்டு கிழமை. அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லபடி நடந்தது. ஆனால் அன்று பெண்கள் பக்கத்தில் நடந்த ஒரு சின்ன விசயம் மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மேடைக்கு ஏறி வந்த ஒரு மாமி, தங்கச்சியின் கைப்பட்டியில் இருந்த முத்து வேலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், என்ன வடிவான வேல!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொழும்புல எடுத்ததாமே. எந்தக் கடை, டீச்சர்?" என்று கேட்டார்.

கொழும்பில் எடுத்ததென்று அவருக்கு யார் சொன்னார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "கடை இல்ல மாமி. புள்ளையே தச்சது. எங்கட வீட்டு விறாந்தையில வெச்சி" என்றேன்.

அவருடைய விரல் அந்த முத்திலிருந்து எடுபட்டது. "ஆ, வீட்டிலயா? அதுவும் நல்லம்தானே" என்றார். இறங்கிப் போகும்போது பக்கத்தில் வந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்கும் தூரம்தான். "வாப்பா இல்லாத வீடு. கஷ்டம்தானே."

ஒரு நிமிசத்துக்கு முன் கொழும்பு வேலையாக இருந்த அதே முத்து. அதே நூல்.

இந்தப் பதிவு அந்த மாமியைப் பற்றியதல்ல. அவர் நல்ல மனுசி, தங்கச்சியின் கையில் ஒரு கவரையும் வைத்துவிட்டுத்தான் போனார். நம் எல்லோருக்கும் இருக்கிற ஒரு வருத்தம் அவருடைய வாயால் வெளியே வந்தது, அவ்வளவுதான். நாங்கள் கைவேலையை மதிக்காத சனம் என்று யாரும் சொல்ல ஏலாது. இலட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து மதிக்கிறோம். ஆனால் அந்தக் கை யாருடையது என்று தெரியாத வரைக்கும்தான். தெரியாவிட்டால் அதற்குப் பெயர் 'பிரைடல் கலெக்சன்'. தெரிந்துவிட்டால் 'வசதி இல்லாமல் தைத்தது'.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். என் கலியாணம் 2014 இல் நடந்தது. நான் மனைப்பொருளியல் பாடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியை. கொலிஜில் இரண்டு வருசம் ஊசியும் நூலுமாகக் கிடந்தவள், என் கையாலேயே பத்துப் பேருக்குச் சட்டை வெட்டிக் கொடுத்தவள். அப்படிப்பட்ட நானே ஒரு கடையில் கவுன் வாடகைக்கு எடுத்துத்தான் உடுத்தேன். ஒரு நாளைக்கு 40,000 ரூபா. "டீச்சர் ஒருத்தி தச்ச உடுப்போட போய் நிண்டா பாக்கிற சனம் என்ன சொல்லும்" என்று நானே சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கிறது. கலியாணம் முடிந்து ஒரு மாதம் போனபின்தான் உம்மாவின் கையைக் கவனித்தேன். காப்பு இரண்டும் இல்லை. அடகு. வட்டி கட்டிக் கட்டிப் பார்த்து, கடைசியில் மீட்க ஏலாமல் அது ஏலத்தில் போனது. பிஸ்மி சொல்லித் தொடங்கிய கலியாணத்தில் நான் உடுத்திருந்தது வட்டிக்கு எடுத்த உடுப்பு. அந்தக் கவுன் நான் போட்ட மறுநாள் இன்னொரு பெண்ணுக்குப் போனது. உம்மாவின் காப்பு எங்கே போனதென்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அதனால் தங்கச்சி போன வருசம் வந்து, "ராத்தா, நானே தைக்கப் போறன், நீ வெட்டித் தா" என்று சொன்னபோது நான் மறுக்கவில்லை. சவூதியில் இருக்கிற தம்பி, "லோன் எடுத்து அனுப்புறன்" என்று நின்றான். அவனைச் சமாளிக்கத்தான் அதிக நேரம் போனது.

இப்போது உடுப்பைப் பற்றி. கையால் செய்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பூவும் ரிபனும் வைத்த படம் போட்டு, மூன்று மணித்தியாலத்தில் முடிகிற வேலை மாதிரிக் காட்டுகிறார்கள். அது பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

பாவாடைப் பகுதி ஆறு துண்டு. இடுப்பு 28 அங்குலம், தளர்வுக்கு 2 சேர்த்து 30. ஆறால் பிரித்தால் 5, தையலுக்கு 1 சேர்த்து ஒவ்வொரு துண்டின் மேல் அகலம் 6. கீழ் அகலம் 18. துணியின் அகலம் 44 அங்குலம். எல்லாத் துண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தால் ஒரு வரிசையில் இரண்டுதான் விழும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் மூன்று விழும். ஒரு மீற்றருக்கு மேல் மிச்சம். பத்து வருசமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற கணக்கு இது. அப்படியே வெட்டினேன்.

பிழை விட்டது டீச்சர்தான். நாங்கள் எடுத்தது பளபளப்பான சாட்டின். சாட்டினில் மினுக்கம் ஒரு பக்கமாகத்தான் விழும். தலைகீழாக வெட்டிய துண்டு வெளிச்சத்தை வேறு விதமாகக் காட்டும். பருத்தித் துணியில் பழகிய கை இதை மறந்துவிட்டது. நூலோட்டம் போட்டு யன்னல் பக்கம் தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது, ஒன்று வெளிறல், ஒன்று கடும் நிறம் என்று ஆறு துண்டும் மாறி மாறி நின்றன. தங்கச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். நான் கடைக்குப் போனேன். அந்த நிறத்துத் துணி முடிந்திருந்தது.

உம்மாவின் கூறைச் சாரி அலுமாரியில் இருந்தது. 1986 ஆம் ஆண்டுச் சாரி. 1990 பிரச்சினையில் ஊரை விட்டு ஓடும்போது உம்மா தூக்கிக்கொண்டு போன ஒரே பையில் அதுவும் இருந்ததாம். முழுச் சாரியும் இனி உடுக்க ஏலாது. பல வருசமாக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கீறிப் போயிருந்தது. ஆனால் இரண்டு பக்கக் கரையும் பெரும்பாலும் நன்றாக இருந்தது. கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு உம்மாவே சாரியை எடுத்து வந்து, கத்தரிக்கோலையும் கேட்டு வாங்கி, முதல் வெட்டை வெட்டினார். அந்தக் கரையைத்தான் ஆறு தையலின் மேலும் மேலிருந்து கீழ்வரை பட்டியாக வைத்தோம். கீழ்க்கரைக்கும் கைப்பட்டிக்கும் அதுவே போதுமாக இருந்தது. நிறம் மாறியது திட்டம் போட்டுச் செய்தது மாதிரி ஆகிவிட்டது. கலியாணத்தன்று, "அந்த ஜரிகைப் பட்டிதான் வடிவு" என்று சொல்லாத ஆளில்லை. அது என் பிழையை மூடிய பட்டி.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிஜாபின் மேல் போடும் நெட், அதன் ஓரத்துக்கு ஊசியால் பின்னிய ரேந்தை, வெட்டி மிஞ்சிய சாட்டினில் சுருட்டிய ரோசாப்பூக் கொத்து, ஒரு சின்னக் கைப்பை, ஹிஜாப் பின்னின் தலைக்கு ஒட்டிய முத்து. இதெல்லாம் பெரிய வேலையில்லை. பூக்கொத்தைத் தரம் 8 பிள்ளைகள் கூடச் செய்வார்கள்.

செலவு: சாட்டின் 4 மீற்றர் 5,800. லைனிங் 1,920. நெட் 1,650. முத்தும் நூலும் 3,250. சிப், கன்வஸ், ஹூக், ஊசி 1,130. ஹிஜாப் துணி 1,400. பூக்கொத்துக்கும் பைக்கும் 1,600. மொத்தம் 16,750 ரூபா. வாடகைக்கு எங்களுக்குச் சொன்ன விலை 75,000, அதற்கு மேல் 25,000 வைப்புப் பணம்.

"பாத்தீங்களா எவ்வளவு மிச்சம்" என்று நான் சொல்லப் போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அங்கேதான் நாங்கள் எல்லோரும் ஏமாறுகிறோம். தங்கச்சி ஐந்து மாதம் தைத்தாள். மாதத்துக்கு இருபது இரவு, இஷாவுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம். மொத்தம் 200 மணித்தியாலம். எங்கள் வீட்டு மதில் கட்டிய மேசன் பாஸுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு 3,600 ரூபா கொடுத்தோம், மணித்தியாலத்துக்கு 450. அந்தக் கணக்கில் தங்கச்சியின் கூலி 90,000. துணிச் செலவையும் சேர்த்தால் உடுப்பின் பெறுமதி 1,06,750. கடை வாடகையை விடக் கூட! அது மலிவான உடுப்பல்ல. ஊரில் அன்று வேறு எந்த மேடையில் நின்ற உடுப்புக்கும் குறையாத விலை உள்ள உடுப்பு. பெண்ணின் நேரத்துக்கு விலை போடாமல் கணக்குப் பார்க்கிறபடியால்தான் அது நமக்கு ஏழை உடுப்பாகத் தெரிகிறது.

நான் சும்மா சொல்லவில்லை. என்னிடம் படித்த ஒரு பிள்ளை ஆரி ஊசியில் முத்தும் கல்லும் பதிக்கிறாள், வீட்டில் இருந்தபடி, ஒரு பிரைடல் கடைக்கு. முன்பக்கமும் இரண்டு கையும் பதித்துக் கொடுத்தால் 6,000 ரூபா. பன்னிரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் குனிந்தே இருக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு நூறு ரூபா. மேசன் பாஸின் கால்வாசி கூட இல்லை. அவள் பதித்த உடுப்புத்தான் 75,000 க்கு வாடகைக்குப் போகிறது, ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப. போன வருசம் அவளுடைய சொந்தக் கலியாணத்துக்கு அவள் என்ன உடுத்தாள் தெரியுமா? வாடகை உடுப்பு. "ஏன் மகள், நீயே பதிச்சிருக்கலாமே" என்று கேட்டேன். "சும்மா இருங்க டீச்சர், வீட்டில செஞ்சதெண்டு தெரிஞ்சா மாமி வீட்டில மதிக்க மாட்டாங்க" என்றாள். அவளுடைய கை வேலையை வேறு பெண்கள் காசு கொடுத்து உடுத்து மதிப்பு வாங்குகிறார்கள். அவளுக்கு மட்டும் அது மதிப்பில்லை.

இந்தப் புத்தியை அவளுக்கு யார் கொடுத்தது? நாங்கள்தான். பாடசாலை. தரம் 9 முடிந்து தொகுதிப் பாடம் தெரிகிற நாளில் ஒவ்வொரு வருசமும் நான் கேட்கிற வசனம்: "கணக்கு ஓடாத புள்ளைகள மனைப்பொருளியலுக்குப் போடுங்க டீச்சர்." கணக்கு ஓடாத பிள்ளையா மார்பளவை நாலாகப் பிரித்துத் தளர்வு சேர்த்து, தோள் சரிவு பார்த்துக் கைக்குழி வளைவு வெட்டும்? கைக்குழி அரை அங்குலம் பிழைத்தால் கையைத் தூக்க ஏலாது. (ஒரு தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை 'கைக்குழி'க்குப் பதிலாக 'கைக்கூலி' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை.) மருதமுனைத் தறிச் சத்தத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வளர்ந்த சனம் நாங்கள். நெய்தும் தைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்த மூத்தம்மாமாரின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தையல் என்றதும் முகத்தைச் சுளிக்கிறோம்.

என்னிடம் நேரிலும் தொலைபேசியிலும் சொல்லப்பட்ட மறுப்புகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"எல்லாருக்கும் தைக்க ஏலுமா?" ஏலாது. எல்லோரும் தைக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஊரில் தையல்காரப் பெண் இருக்கிறாள், அவளிடம் கொடுங்கள், மேசனுக்குக் கொடுக்கிற கூலியைக் கொடுங்கள், அவளுடைய பெயரையும் நாலு பேரிடம் சொல்லுங்கள். வாடகைக் கடை வைத்துப் பிழைக்கிற சகோதரிகளோடும் எனக்குச் சண்டையில்லை. காசுள்ளவர்கள் போய் எடுக்கட்டும். காப்பை அடகு வைத்து எடுக்கிற வீட்டைப் பற்றித்தான் பேசுகிறேன், அப்படி எடுக்க வைக்கிற நாக்குகளைப் பற்றியும்.

"வெள்ளைக் கவுன்தான் இஸ்லாமிய முறைக்கு ஏற்றது, நீங்கள் ஏன் நிறத்தில் தைத்தீர்கள்" என்று ஒருவர். சகோதரி, மணப்பெண்ணுக்கு வெள்ளைக் கவுன் என்பதை உலக நாகரிகமாக்கியது 1840 இல் கலியாணம் முடித்த விக்டோரியா மகாராணி. அதில் நம்முடைய மார்க்கம் எங்கே வந்தது?

"இதெல்லாம் பெண்களின் ஆடம்பரம், அதைக் குறைத்தால் போதும்" என்று ஜும்ஆ பயான் செய்கிற ஹஸரத்மாரும் கோவிக்கக் கூடாது. பெண்ணின் உடுப்பைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுகிறீர்கள். பெண் வீட்டார் கட்டிக் கொடுக்க வேண்டிய வீட்டைப் பற்றி ஏன் ஐந்து நிமிசம் பேசுவதில்லை? மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண் என்பது சூரா அந்நிஸாவின் நாலாவது வசனத்தில் இருக்கிறது. நம்முடைய நடைமுறையோ தலைகீழ். கைக்கூலி என்ற சொல் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதே சட்டத்தை எழுதியவர்கள் நிக்காஹ் பதிவில் மணமகளின் கையெழுத்துக்கு ஓர் இடம் வைக்க நினைக்கவில்லை. தன் கலியாணத்தில் தன் கை பட்ட ஒன்றாவது இருக்கட்டும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதையும் கஷ்டக் கதையாக்கிவிடுகிறோம்.

மார்க்கம் என்று வந்தால் இரண்டு பேரை நினைக்கிறேன். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் கைவேலை தெரிந்தவர்கள். தோல் பதனிட்டுத் தைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மனைவி. "வசதியில்லாமல் தைத்தார்" என்று சொல்ல நமக்கு வாய் வருமா? மற்றது அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள். ஐந்து திர்ஹம் பெறுமதியான ஒரு முரட்டுப் பருத்தி உடுப்பு அவர்களிடம் இருந்தது. நபியவர்களின் காலத்தில் மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்கும்போது அதைத்தான் அவர்களிடம் ஆள் அனுப்பி இரவல் வாங்குவார்களாம். பிற்காலத்தில் அவர்களுடைய பணிப்பெண்ணே அப்படிப்பட்ட உடுப்பை வீட்டுக்குள் உடுக்கக் கூசினாளாம். ஸஹீஹுல் புஹாரியில் அன்பளிப்புப் பாடத்தில் மணப்பெண்ணுக்கு இரவல் வாங்குவது என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஒரு தலைமுறைக்குள்ளேயே உடுப்பு மாறாமல் பார்க்கிற கண் மாறிவிட்டது.

இனி, கொழும்புக் கதையை யார் சொன்னது என்பதற்கு வருகிறேன். கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாப்பிள்ளையின் ராத்தா தொலைபேசி எடுத்தார். "எங்கட பக்கம் நிறைய ஆக்கள் வருவாங்க. உடுப்ப நாங்களே எடுத்துத் தாறம், சல்லியப் பத்தி யோசிக்க வேணாம்" என்று. தங்கச்சி, "முடிஞ்சிட்டு மச்சி, ஒருக்கா வந்து பாருங்களேன்" என்று மட்டும் சொன்னாள். வந்தார். மேலே பார்க்கவில்லை, உடுப்பைப் புரட்டி உள்பக்கத் தையலைப் பார்த்தார். தையல் தெரிந்த ஆள் என்று அப்போதே விளங்கியது. "உள்ளுக்கும் ஒழுங்காத்தான் இருக்கு" என்றார். எனக்குப் பெரிய சந்தோசம்.

அவர்தான் ஹோலில் இருந்தவர்களிடம் கொழும்பில் எடுத்தது, ஒரு இலட்சத்து இருபது என்று சொன்னவர். வலீமாவுக்குப் பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "புள்ளைக்கு மரியாத இரிக்கட்டும் எண்டுதான் டீச்சர்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. நான் கோபப்பட ஏலாமல் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலின் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தழும்பு. என் விரலில் இருக்கிற அதே இடத்தில்.

உடுப்பு இப்போது எங்கள் வீட்டில் பழைய பருத்திச் சாரி ஒன்றால் சுற்றிய உறைக்குள் தொங்குகிறது. ஏற்கனவே இரண்டு பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். வேறு யாருக்கும் தேவையென்றால் இன்பொக்ஸில் வாருங்கள். மார்பளவு 34, பக்கத் தையலில் துணி விட்டிருப்பதால் 37 வரை விரிக்கலாம், நானே விரித்துத் தருவேன். வாடகை இல்லை, வைப்புப் பணம் இல்லை. போட்ட பிறகு கழுவ வேண்டாம், முத்து கழன்றுவிடும், அப்படியே கொண்டு வந்து தாருங்கள். மேடையில் யாராவது "எந்தக் கடை" என்று கேட்டால் மட்டும் தைத்தவளின் பெயரைச் சொல்ல வேண்டும்.